சொந்தமாக எடுத்த எச்டி வீடியோ: உறவினர்களுக்கு எந்த வடிவில் கொடுப்பது, எதில் ஓட்டுவது?

#1 பழையகேசட்

வணக்கம். குடும்ப நிகழ்ச்சி வீடியோ, மொத்தம் 6 மணி நேரம் ஓடும். பெரும்பகுதி ஏவிசிஎச்டி என்ற எச்டி பதிவு முறை உள்ள கேம்கார்டரில் எடுத்தது: 1080ஐ (ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக அரைப்படம், அதாவது ஃபீல்டு, எழுதும் இன்டர்லேஸ் வகை), நொடிக்கு 50 ஃபீல்டு, 17 எம்பிபிஎஸ் (நொடிக்கு 17 மெகாபிட்), எல்லாம் எம்டிஎஸ் ஃபைல்கள். மீதி போனில் எடுத்த 4கே துண்டுகளும் 1080பி (முழு ஃபிரேம்) துண்டுகளும்.

பார்க்கப்போகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. பெரியவர்கள் வீட்டில் டிவியும் அதில் யூஎஸ்பி துளையும் மட்டும்தான். ஒரு வீட்டில் ப்ளூ-ரே பிளேயர் உண்டு. இரண்டு குடும்பம் வெளிநாட்டில். எங்கள் வீட்டில் இரண்டு டிவி, வைஃபை, ஒரு பழைய கம்ப்யூட்டர். டிவிடியாக மாற்றித் தர மனமில்லை. ஒரே வடிவில் எல்லாருக்கும் கொடுக்க முடியுமா?

#2 பிட்ரேட்

டிவிடி வேண்டாம் என்றது சரி. டிவிடி-வீடியோவில் கிடைப்பது 720×576, அதாவது சுமார் 4 லட்சம் பிக்செல். உங்கள் மூலத்தில் 20 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு எச்டி என்று சொல்ல முடியாது.

மாற்றும் வேலையைத் தொடங்குமுன் மெமரி கார்டில் இருப்பதை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள். ஏவிசிஎச்டி என்றால் எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது, ஃபோல்டர் அமைப்பு முழுவதும் வர வேண்டும். நீண்ட பதிவைக் கேமரா துண்டு துண்டாக வெட்டித்தான் எழுதும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற குறிப்பு பக்கத்தில் உள்ள பிளேலிஸ்ட் ஃபைலில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் துண்டுகளைத் தனித்தனியாக எடிட்டரில் போட்டால், ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி ஒரு கணம் அறுபடும். ஒரு துண்டின் கடைசி ஒலிச் சட்டகம் பாதி இந்த ஃபைலிலும் பாதி அடுத்த ஃபைலிலும் கிடப்பதுதான் காரணம். டிஎஸ்மக்ஸர் என்ற இலவச மென்பொருளில் முதல் துண்டைச் சேர்த்துவிட்டு, அடுத்தவற்றை 'ஜாயின்' பட்டனால் தொடுத்தால் தையல் தெரியாது. மறு என்கோடும் (திரும்பச் சுருக்கி எழுதுவதும்) இல்லை, தரமும் குறையாது.

அடுத்து, எல்லாருக்கும் போகக்கூடிய காப்பி. வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் இப்படி வையுங்கள்:

- கண்டெய்னர் (படத்தையும் ஒலியையும் அடைக்கும் பெட்டி) எம்பி4. 'வெப் ஆப்டிமைஸ்டு' டிக் செய்யவும்.
- வீடியோ எச்.264 (சுருக்கும் முறை), 8 பிட், புரொஃபைல் ஹை.
- தரம் ஆர்எஃப் 20. 1080-க்கு 20 முதல் 24 வரை போகலாம். எண் குறையக் குறையத் தரமும் கூடும், ஃபைலும் பெருக்கும்.
- ஃபிரேம் ரேட் 'கான்ஸ்டன்ட்'. இதை மறக்கவே கூடாது.
- ஒலி ஏஏசி ஸ்டீரியோ, 192 கேபிபிஎஸ்.

'கான்ஸ்டன்ட்' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் போன்கள். வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ நொடிக்கு 30 ஃபிரேம் என்பது 29, 27 என்று இறங்கி ஏறும். போனில் பார்க்கும்போது தெரியாது. எடிட்டரில் போட்டால் பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

கேம்கார்டர் பகுதிக்கு மட்டும் ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளை முழு ஃபிரேமாக்குவது) தேவை. யாடிஃப் என்ற முறையை எடுத்து, பிரிசெட்டில் 'பாப்' வையுங்கள். 50 ஃபீல்டும் 50 முழு ஃபிரேமாகும், அசைவு வழுக்கிக்கொண்டு போகும். 'டீஃபால்ட்' விட்டால் 25 ஃபிரேம்தான் வரும், கை வீசினாலே தட்டித் தட்டி நகரும்.

#3 நீலவட்டு

பிட்ரேட் சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். கேம்கார்டர் பகுதியை எதற்கு மறு என்கோட் செய்ய வேண்டும்? பழைய ஃபுல் எச்டி டிவிகளில் பல எச்.264-ல் லெவல் 4.1 (டிகோடர் தாங்கும் பளுவின் அளவு) வரைதான் எடுக்கும். 1080பி 50 ஃபிரேம் என்றாலே லெவல் 4.2 ஆகிவிடும். அந்த டிவியில் ஒன்று 'ஆதரவில்லாத ஃபைல்' என்று வரும், இல்லையென்றால் படம் திக்கித் திக்கி ஓடும். ஆனால் அதே டிவி 1080ஐ-யைத் தடையில்லாமல் எடுக்கும், டீஇன்டர்லேஸையும் தன் சிப்பிலேயே நன்றாகச் செய்யும்.

டிவியில் மட்டும் பார்க்கிற பெரியவர்களுக்கு டிஎஸ்மக்ஸரில் தொடுத்த எம்2டிஎஸ் ஃபைலை அப்படியே கொடுங்கள். உள்ளே இருப்பது கேமரா எழுதிய அதே பிட்.

ப்ளூ-ரே உள்ள வீட்டுக்கு வட்டுதான் சிறந்த வழி. செருகி ரிமோட்டை அமுக்கினால் ஓடும், சாப்டர் தாண்டலாம், யாரும் தெரியாமல் அழிக்க முடியாது. 17 எம்பிபிஎஸ் × 6 மணி நேரம் என்றால் சுமார் 46 ஜிபி. 25 ஜிபி வட்டு இரண்டு, அல்லது 50 ஜிபி இரட்டை அடுக்கு வட்டு ஒன்று. நான் சொல்வது இரண்டு 25. இரட்டை அடுக்கில் ஓரம் வரை நிரப்பினால் வெளி விளிம்பில்தான் முதலில் பிழை வரும், பழைய பிளேயர் அங்கேதான் திணறும்.

#4 பிட்ரேட்

ஒப்புக்கொள்கிறேன், டிவிக்கு மட்டும் என்றால் மூலத்தையே கொடுப்பது மேல். நான் 50 ஃபிரேம் காப்பி சொன்னது போனிலும் லேப்டாப்பிலும் பார்ப்பவர்களுக்காக. அங்கே 1080ஐ போட்டால் அசையும் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக வரும். இன்னொன்று, ஏவிசிஎச்டியின் ஒலி பெரும்பாலும் டால்பி ஏசி3. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அதற்கு டிகோடர் கிடையாது. படம் ஓடும், சத்தம் வராது.

#5 பழையகேசட்

நன்றி. அப்படியானால் போன் துண்டுகளையும் சேர்த்து ஒரே ப்ளூ-ரே வட்டில் போடலாமா? பென் டிரைவ் 64 ஜிபி எடுத்தால் போதுமா?

#6 நீலவட்டு

போடலாம், ஆனால் அப்படியே போட முடியாது. ப்ளூ-ரே விதிப்படி 1080-ல் முழு ஃபிரேம் என்றால் நொடிக்கு 24-க்கு மட்டுமே இடம். 25-க்கும் 30-க்கும் 1080ஐ-யாக முத்திரை குத்தித்தான் எழுத வேண்டும். 50, 60 ஃபிரேம் வேண்டுமென்றால் 720பி-யில் உண்டு. போனின் 1080பி 30 ஃபிரேமை 29.97 கான்ஸ்டன்ட் ஆக்கி, இன்டர்லேஸ் முத்திரையோடு என்கோட் செய்தால் முழு ஃபிரேமே இரண்டு ஃபீல்டாகப் பிரிந்து போகும். டிவி திரும்பச் சேர்த்துக்கொள்ளும், இழப்பு இல்லை. ஏஏசி ஒலி ப்ளூ-ரேயில் செல்லாது, ஏசி3 ஆக மாற்றுங்கள்.

கேம்கார்டரின் 25 ஃபிரேமையும் (50 ஃபீல்டு) போனின் 29.97-ஐயும் ஒரே பிளேலிஸ்டில் தொடுக்காதீர்கள். தனித்தனி டைட்டிலாக வையுங்கள். கலந்தால் பல பிளேயர்கள் இணைப்பில் நின்றுவிடும்.

எழுதும் முறை: டிஎஸ்மக்ஸரில் வெளியீட்டை 'ப்ளூ-ரே ஃபோல்டர்' என்று வைத்து, சாப்டர் 5 நிமிடத்துக்கு ஒன்று கொடுங்கள். பிறகு வட்டு எழுதும் இம்க்பர்ன் மென்பொருளில் ஃபைல் சிஸ்டம் யூடிஎஃப் 2.50. வேகம் 4 மடங்கு. 'வெரிஃபை' டிக் இருக்கட்டும். யூடிஎஃப் எண் மாறினால் கம்ப்யூட்டரில் வட்டு திறக்கும், பிளேயரில் திறக்காது. 'வட்டு கெட்டுவிட்டது' என்று வரும் புகார்களில் நிறைய இந்தக் கதைதான்.

வெளிநாட்டுக்கு வட்டு அனுப்புவதற்கு முன் யோசியுங்கள். வட அமெரிக்காவில் விற்ற பிளேயர்கள் பல 50 ஹெர்ட்ஸ் வட்டை ஓட்டுவதில்லை. அங்கே ஃபைல்தான் பாதுகாப்பு.

#7 சிவப்புவிளக்கு

இடையில் ஒரு கேள்வி. ப்ளூ-ரே பர்னர் இல்லை, டிவிடி பர்னர்தான் இருக்கிறது. எச்டி வட்டுக்கு வழியே இல்லையா?

#8 நீலவட்டு

இருக்கிறது. அதே டிஎஸ்மக்ஸரில் 'ஏவிசிஎச்டி ஃபோல்டர்' எடுத்துச் சாதாரண டிவிடி-ஆரில் எழுதலாம். 4.7 ஜிபி வட்டில் 17 எம்பிபிஎஸ் என்றால் 36 நிமிடம் பிடிக்கும். டிவிடி மேல் எழுதும் ஏவிசிஎச்டிக்கு 18 எம்பிபிஎஸ் உச்சம், அதற்குமேல் போனால் வட்டிலிருந்து படிக்கும் வேகம் போதாது. இந்த வட்டு ப்ளூ-ரே பிளேயரில்தான் ஓடும், டிவிடி பிளேயரில் ஓடாது. உறையிலேயே எழுதிக் கொடுங்கள்.

6 மணி நேரத்துக்கு இது சரிப்படாது. பத்து வட்டு ஆகும்.

#9 கம்பிவலை

பென் டிரைவ் கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

அளவு 64 ஜிபி போதும். சிக்கல் ஃபார்மேட்டில். ஃபேட்32 எல்லா டிவியிலும் திறக்கும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 17 எம்பிபிஎஸ்ஸில் 33 நிமிடம், 12 எம்பிபிஎஸ்ஸில் 47 நிமிடம், அவ்வளவுதான். எக்ஸ்ஃபேட்டில் அந்த எல்லை இல்லை, ஆனால் பழைய டிவிகள் அதை அறியாது. என்டிஎஃப்எஸ் அவற்றில் பலவற்றில் படிக்கும். எந்த டிவி என்று தெரியாதபோது ஃபேட்32 எடுத்து, நிகழ்ச்சியை 30 நிமிடப் பகுதிகளாக வெட்டிக் கொடுப்பதுதான் நல்லது. பெரியவர்களுக்கு விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கவும் அதுவே சுலபம். வெட்டும்போது பேச்சு நடுவில் வெட்டாமல் காட்சி மாறும் இடமாகப் பாருங்கள்.

விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாது. ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு செய்யலாம். பார்ட்டிஷன் அட்டவணை பழைய எம்பிஆர் வகையாக இருக்கட்டும், புதிய ஜிபிடி வகை வைத்தால் பழைய டிவி டிரைவையே கண்டுகொள்ளாது.

ஃபைல் பெயர் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும். தமிழில் பெயர் வைத்தால் டிவியில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும், எது எதுவென்று தெரியாது. முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கம் போடுங்கள். 1, 2 என்று போட்டால் 1-க்குப் பின் 10 வந்து நிற்கும். தமிழ் சப்டைட்டில் சேர்ப்பதாக இருந்தாலும் இதே தொல்லைதான். தனி எஸ்ஆர்டி ஃபைலை நம்பாமல் படத்தோடு பதித்துவிடுங்கள்.

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். டிவியின் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அது பற்றாமல் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும்.

#10 பழையகேசட்

நீங்கள் சொன்னபடி எம்2டிஎஸ் செய்து, மற்ற மூன்று ஃபைலை இன்னும் மாற்றாமல், ஒரு பழைய டிவியில் போட்டேன். எம்2டிஎஸ் நன்றாக ஓடுகிறது. போன் துண்டு ஒன்று நிறம் வெளுத்து, பால் ஊற்றின மாதிரி வருகிறது. இன்னொன்று பக்கவாட்டில் படுத்திருக்கிறது. மிரர்லெஸ் கேமராவில் நண்பர் எடுத்துத் தந்த எம்பி4-ல் படம் வருகிறது, சத்தமே இல்லை. மூன்றும் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருக்கின்றன.

#11 பிட்ரேட்

மூன்றும் மூன்று வேறு நோய். எம்பி4 என்பது வெறும் பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் டிவிக்குக் கணக்கு. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்தால் விடை அங்கேயே இருக்கும்.

வெளுத்தது: அது எச்டிஆர் (வெளிச்ச வீச்சு அதிகமுள்ள) பதிவு. ஐபோன் 12 தொடங்கி டால்பி விஷன் பதிவு வந்துவிட்டது, அதன் அடித்தளம் எச்எல்ஜி என்ற எச்டிஆர் முறை. மீடியாஇன்ஃபோவில் பிடி.2020, எச்எல்ஜி, 10 பிட் என்று தெரியும். சாதாரண டிவி அந்த வண்ண எண்களைச் சாதாரண எச்டியின் பிடி.709 என்று நினைத்துக் காட்டுவதால்தான் வெளுப்பு. ஹேண்ட்பிரேக்கின் கலர்ஸ்பேஸ் ஃபில்டரில் பிடி.709 எடுத்து, டோன்மேப் (வெளிச்ச வீச்சைச் சாதாரண டிவிக்கு இறக்கும்) முறையாக 'ஹேபிள்' கொடுங்கள். இனிமேல் எடுக்கும்போது போனிலேயே எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடலாம், பகிர்வதற்காகவே எடுக்கிற வீடியோவுக்கு அதுதான் நிம்மதி.

படுத்தது: போன் படத்தைத் திருப்பி எழுதுவதில்லை, '90 பாகை திருப்பிக் காட்டு' என்று குறிப்பு மட்டும் வைக்கும். பல டிவிகள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. ஹேண்ட்பிரேக் வழியாகப் போனாலே குறிப்பைப் படித்துப் படத்தை நிஜமாகவே திருப்பி எழுதிவிடும்.

சத்தம் இல்லாதது: அது எக்ஸ்ஏவிசி எஸ் ஆக இருக்கும். எம்பி4-க்குள் சுருக்காத பிசிஎம் ஒலி வைக்கும் வகை. டிவிகள் எம்பி4-க்குள் ஏஏசியைத்தான் எதிர்பார்க்கும். ஒலியை மட்டும் ஏஏசியாக மாற்றினால் போதும், வீடியோவைத் தொட வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை மென்பொருளில் வீடியோவுக்கு 'காப்பி', ஒலிக்கு ஏஏசி என்று கொடுத்தால் ஒரு மணி நேர ஃபைலும் சட்டென்று முடியும். ஆனால் அந்த கேமராவில் 4:2:2 10 பிட் (கூடுதல் நிற விவரம்) வைத்து எடுத்திருந்தால் படமும் வராது. அப்போது முழு மறு என்கோட்தான் வழி.

#12 சிவப்புவிளக்கு

எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265-ல் கொடுத்தால் அளவு பாதியாகுமே? ஐபோனின் 4கே 30 ஃபிரேம் எச்.265-ல் நிமிடத்துக்கு 170 எம்பிதான். எச்.264-ல் 350.

#13 பிட்ரேட்

எண்கள் சரி. ஆனால் இங்கே மிச்சம் பிடிப்பது யாருக்காக? பென் டிரைவில் இடம் இருக்கிறது. எச்.265 டிகோடர் இல்லாத ஃபுல் எச்டி டிவிகள் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் கருப்புத் திரைதான். பெரியவர்கள் கையில் கொடுக்கும் ஃபைல் முதல் தடவையிலேயே ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கேட்கக்கூட மாட்டார்கள், டிராயரில் போட்டுவிடுவார்கள். 4கே மூலத்தை உங்கள் வீட்டு 4கே டிவிக்கு எச்.265 ஆகவே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே போகும் காப்பி 1080 எச்.264.

#14 கம்பிவலை

சொந்த வீட்டு டிவிகளுக்கு: பழைய கம்ப்யூட்டரில் ஜெல்லிஃபின் (அதில் உள்ள வீடியோவை வீட்டு டிவிகளுக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்) நிறுவுங்கள். இலவசம், இணையத்தில் கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம், 8096 போர்ட்டில் திறக்கும். லைப்ரரி வகையில் 'ஹோம் வீடியோஸ் அண்ட் போட்டோஸ்' தேர்ந்தெடுக்க வேண்டும். 'மூவீஸ்' என்று வைத்தால் உங்கள் ஃபைல் பெயரை இணையத்தில் தேடி, ஏதோ ஒரு சினிமா போஸ்டரை ஒட்டிவிடும். ஃபைல் பெயரை 2019-03-14 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தொடங்கினால் தானாக அடுக்கி நிற்கும்.

ஓட்டும்போது டாஷ்போர்டைப் பாருங்கள். 'டைரக்ட் ப்ளே' என்று இருந்தால் கம்ப்யூட்டர் ஃபைலை அனுப்புகிறது, அவ்வளவுதான், பத்து வயது மெஷினும் தாங்கும். 'டிரான்ஸ்கோடிங்' என்றால் நேரத்தோடு நேராக மறு என்கோட் செய்கிறது. காரணத்தையும் அங்கேயே காட்டும்: ஒலி ஆதரவில்லை, சப்டைட்டில், பிட்ரேட் என்று. மேலே சொன்ன எச்.264, ஏஏசி காப்பியைக் கொடுத்தால் டிரான்ஸ்கோடிங் பேச்சே வராது. இன்டெல் சிப் என்றால் குவிக் சிங்க் (சிப்பிலேயே உள்ள வீடியோ என்கோடர்) இயக்கிவிடுங்கள், தேவைப்படும்போது கை கொடுக்கும். ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கம்ப்யூட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் கவனம்: அதில் எச்.264 ஹார்டுவேர் டிகோடரே கிடையாது.

படம் நின்று நின்று வந்தால் பழியை முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மேல் போடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், முடிந்தால் கேபிள் இழுங்கள். விலை உயர்ந்த டிவிகளிலும் நெட்வொர்க் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். 17 எம்பிபிஎஸ் வீடியோவுக்கு அது தாராளம். 4கே 60 ஃபிரேம் மூலத்துக்கு உச்சத்தில் இறுக்கும்.

வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு இதையே திறந்துவிடலாமே என்று தோன்றும். 8096-ஐ ரூட்டரில் நேரடியாகத் திறக்காதீர்கள், இணையம் முழுவதற்கும் தெரியும் கதவு அது. டெயில்ஸ்கேல் மாதிரி விபிஎன் (வெளியாருக்குத் தெரியாத தனி இணைப்பு) வழியில் இரு பக்கமும் இணையுங்கள். இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி தருகிற இடத்திலும் அது வேலை செய்யும். தடை என்னவென்றால் உங்கள் அப்லோடு வேகம். 17 எம்பிபிஎஸ் வீடியோவை இரண்டு வீட்டில் ஒரே நேரம் பார்த்தால் 34 எம்பிபிஎஸ் மேலே போக வேண்டும்.

#15 மேகமூட்டம்

வெளிநாட்டுக்கு நான் சர்வர் சொல்ல மாட்டேன். யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றுங்கள், டிவி ரிமோட்டிலேயே திறந்துவிடுவார்கள். இணைப்பு கையில் இருக்கிற எவரும் பார்க்கலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். குழந்தைகள் அதிகம் உள்ள வீடியோ என்றால் 'பிரைவேட்' வைத்து மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழைப்பது நல்லது. சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடம்தான் ஏற்ற முடியும், போன் எண் கொடுத்துச் சரிபார்த்தால் 12 மணி நேரம் வரை.

ஏற்றிய உடனே இணைப்பை அனுப்பாதீர்கள். முதலில் 360பி மட்டும் தயாராகும், எச்டி பிறகுதான் வரும். அவசரப்பட்டு அனுப்பினால் 'மங்கலாக இருக்கிறது' என்று முதல் பதிலே வரும். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் உரிமைக் கோரல் வரும். சில நாடுகளில் வீடியோவே தடைபடும், சில நேரம் அந்தப் பகுதியில் ஒலியை அணைக்கச் சொல்லும். நிகழ்ச்சி வீடியோவில் பாட்டு இல்லாமல் இருக்காது, அதனால் அந்தப் பகுதிகளைத் தனி ஃபைலாகப் பிரித்து ஏற்றினால் மீதியாவது தப்பும்.

இது பார்ப்பதற்கான காப்பி. வைத்துக்கொள்வதற்கான காப்பி கூகுள் டிரைவ் இணைப்பில் டவுன்லோடாகப் போகட்டும். கூகுள் போட்டோஸ் வழி என்றால் 'ஒரிஜினல்' அமைப்பா என்று பாருங்கள், 'ஸ்டோரேஜ் சேவர்' 1080-க்கு இறக்கி மறுபடி சுருக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் பிழிந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

46 ஜிபியை 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் விட்டுவிடுங்கள், கம்ப்யூட்டர் தூங்கிப்போகும் அமைப்பை அணைத்துவிட்டு.

#16 பழையகேசட்

தெளிவாகிவிட்டது. பெரியவர்களுக்கு ஃபேட்32 பென் டிரைவில் 30 நிமிட எம்2டிஎஸ் பகுதிகளும், போன் துண்டுகள் எம்பி4-லும். ஒரு வீட்டுக்கு இரண்டு ப்ளூ-ரே. வெளிநாட்டுக்கு யூடியூபும் டிரைவும். வீட்டில் ஜெல்லிஃபின். கடைசியாக ஒன்று: பத்து வருடம் கழித்தும் திறக்க, மூலத்தை எதில் வைப்பது? வட்டிலா?

#17 நீலவட்டு

ஒரு காப்பி வட்டில் வைக்கலாம். சாய அடுக்கு கரிமப் பொருளாக உள்ள 'எல்டிஎச்' வகையைத் தவிருங்கள், ஒளியிலும் சூட்டிலும் சீக்கிரம் மங்கும். நீண்ட காலச் சேமிப்புக்கென்றே செய்த எம்-டிஸ்க் அல்லது வழக்கமான கரிமமற்ற பிடி-ஆர் (ஒருமுறை எழுதும் ப்ளூ-ரே வட்டு) எடுங்கள். ஆனால் சோனி 2025 பிப்ரவரியோடு எழுதும் ப்ளூ-ரே வட்டுத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. வட்டு நன்றாக இருந்தாலும் படிக்கும் டிரைவ் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பர்னரையும் பத்திரமாக வைத்திருங்கள்.

#18 கம்பிவலை

முதல் காப்பியும் இரண்டாம் காப்பியும் ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு வீட்டில். பென் டிரைவைச் சேமிப்பாக நினைக்க வேண்டாம், மின்சாரம் படாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதன் சார்ஜ் கசிந்து பிட் மாறும். காப்பி எடுக்கும்போது டெராகாப்பி என்ற மென்பொருளில் 'வெரிஃபை' போட்டு, வரும் செக்சம் (ஃபைல் மாறினால் காட்டிக்கொடுக்கும் அடையாள எண்) பட்டியலையும் அதே ஃபோல்டரில் சேமியுங்கள். வருடம் ஒருமுறை டிஸ்கைச் செருகி அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் எந்த ஃபைல் கெட்டது என்று பெயரோடு தெரியும், மற்ற டிஸ்கிலிருந்து அதை மட்டும் மாற்றலாம். கேம்கார்டர் ஃபோல்டரை எம்பி4 ஆக்கிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். நாளைக்கு இன்னும் நல்ல டீஇன்டர்லேஸ் முறை வரும்போது அதை இந்த 50 ஃபீல்டில் மட்டும்தான் போட்டுப் பார்க்க முடியும்.